மீறினானா, விஞ்சினானா?

ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஆங்கில வாக்கியங்கள் சிலவற்றைத் தமிழாக்கும் பயிற்சி அளித்திருந்தேன். 'எக்ஸீட்' என்னும் வினை அதில் இருமுறை வந்தது. நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் என்ற வேக வரம்பை ஓர் ஓட்டுநர் தாண்டியது ஒன்று. ஆசிரியர் எதிர்பார்த்ததினும் மேலாக ஒரு மாணவி தேர்ச்சி பெற்றது மற்றொன்று. பிள்ளைகள் பலரும் இரண்டிற்கும் 'மீறு' என்றே எழுதினர். பாவம், அம்மாணவியும் ஓட்டுநரோடு சேர்ந்து குற்றவாளியானாள்!

பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. இலத்தீன் மொழியில் 'வெளியே செல்' எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்த வினை அது. ஒருவன் கோட்டைத் தாண்டினான் என்று கூறுவதோடு அதன் பணி முடிகிறது; தாண்டியது நன்றா தீதா என்று அது உரைப்பதில்லை. பழந்தமிழிலும் அத்தகைய வினை ஒன்று இருந்தது. அதுவே 'இற' என்பது. சுரம் கடந்து செல்லும் தலைவனுக்கும் அச்சொல் உரியது. அளவு கடந்த சினத்தைக் குறிக்க வள்ளுவர் ஆள்வதும் அச்சொல்லே. இன்று அது சாவைக் குறிக்கும் சொல்லாய்ச் சுருங்கி, பழம்பொருளின் சாயலை 'இறந்தகாலம்' என்னும் இலக்கணக் குறியீட்டில் மட்டும் தாங்கி நிற்கிறது.

ஆகவே இன்று தமிழில் எழுதுவோன் ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும். ஆணையை மீறினான் என்றால் பழி. ஆசானை விஞ்சினான் என்றால் புகழ். 'மிஞ்சு' என்பதோ இடத்திற்கேற்ப நிறம் மாறும்: சோறு மிஞ்சினால் நிறைவு, பேச்சு மிஞ்சினால் செருக்கு. வினையைத் தேர்ந்தெடுக்கும்போதே நாம் தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். தீர்ப்பு எழுதுவோன் வழக்கைக் கேட்டிருக்க வேண்டாவா?

நம் இலக்கணிகள் கேட்டிருக்கின்றனர். உவகை மிகுதியால் ஒருவன் தன் பசுவை 'என் அம்மை' என்றழைத்தால் திணை பிறழ்கிறது. ஆயினும் நன்னூலார் அதனைத் தள்ளவில்லை. காரணம் நோக்கி அமைத்துக்கொள்கிறார். அதற்கு வழுவமைதி என்று பெயரும் உண்டு. காரணமின்றிப் பிறழ்ந்தால் அது வழுவே. விதியும் அழியவில்லை, உவகையும் அழியவில்லை.

இதனை நான் பயிற்சிக் கல்லூரியிலேயே படித்துத் தேறியவன். எனினும் என் முதற்பணியில், ஒரு தோட்டப் பள்ளியில், 'என் தாய்' என்னும் தலைப்பில் 100 சொற்களுக்கு மிகாமல் எழுதுமாறு பணித்தேன். ஒரு சிறுவன் இரண்டு பக்கம் எழுதிவந்தான். விடியுமுன் பால்வெட்டச் செல்லும் தாய், தலையில் கட்டிய விளக்கு, மழை நாளில் கூலி இல்லாமை எனத் தொடர்ந்தது கட்டுரை. நூறாவது சொல்லை எண்ணிக் கண்டு, அதன் கீழ்ச் சிவப்புக் கோடிட்டேன். ஓரத்தில் 'விதியை மீறினாய்' என்று குறித்தேன். தேர்வில் சொல்வரம்பு வேண்டியதே. அனைவர்க்கும் ஒரே அளவு என்பது நேர்மை. ஆனால் அன்று நடந்தது தேர்வன்று. சாலையில் விரைந்த ஓட்டுநரைப் போல அவன் பிறர் உயிரை இடர்ப்படுத்தவும் இல்லை. எவர் பங்கையும் பறிக்கவும் இல்லை. கோட்டிற்குக் கீழே இருந்ததை நான் படிக்கவே இல்லை.

அடுத்த கட்டுரையை அவன் சரியாக 100 சொற்களில் முடித்திருந்தான். ஒவ்வொரு பத்தாம் சொல்லின் மேலும் பென்சிலால் இட்ட சிறு புள்ளி இருந்தது.