பெயர் எழுதிக்கொள்ளாதவர்கள்

ஒருவருக்கு உரியது என்று அறிவிக்கப்பட்ட ஒன்று அவர் கையை வந்தடையாவிட்டால், அது அவருக்கு அளிக்கப்பட்டதாகக் கொள்ளலாமா? அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிக்கும் நிலையான மனவுறுதியே நீதி எனப் புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார். அந்த ‘அளித்தல்’ எங்கே நிறைவு பெறுகிறது? சட்டம் இயற்றியதோடா, அலுவலகத்தைத் திறந்து வைத்ததோடா, பெறவேண்டியவர் பெற்ற பின்னரா?

இவ்வினாவை நம் நாட்டு நடப்பே நம்முன் வைத்திருக்கிறது. 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடுவண் அரசு ‘ராஷ்டிரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா’ என்னும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள குடும்பம் 30 ரூபாய் பதிவுக் கட்டணம் செலுத்தினால் போதும். ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். பிரீமியத்தை நடுவண் அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொண்டன. பதிவு செய்வோர் ஊருக்கே வந்து, புகைப்படமும் விரல் ரேகையும் எடுத்து, அங்கேயே அட்டையைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இவ்வளவு எளிமையாக வகுத்தும், 2016 மார்ச் முடிய, இலக்காகக் கொண்ட 7 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுள் 4 கோடிக்குச் சற்று மேற்பட்டவையே பதிவு பெற்றிருந்தன.

எஞ்சிய குடும்பங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டால், ‘சும்மா கொடுத்தாலும் வாங்கத் தெரியாத சனங்கள்’ என்று ஒரு விடை ஆயத்தமாக இருக்கிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போதும் இப்பேச்சு காதில் விழுவதுண்டு. பேசுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அறியாமைதான் காரணமென்றால், எழுத்தறிவு மிக்க நாடுகளில் இத்தகைய நிலை தோன்றியிருக்கக் கூடாது.

2010-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, ஏற்கெனவே நோயுற்றிருப்பதால் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்த்துக்கொள்ள மறுத்தவர்களுக்கென்றே ஒரு காப்பீட்டை அமைத்தது. அவ்வாண்டு முடிவதற்குள் 3,75,000 பேர் சேர்வர் என்று அரசின் கணக்கீட்டாளர் மதிப்பிட்டார். நவம்பர் தொடக்கத்தில் சேர்ந்திருந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். தம் தேவையை உடலால் அறிந்தவர்கள் இவர்கள். ஆயினும், அதற்குமுன் ஆறு மாதம் எக்காப்பீடும் இன்றி இருந்திருக்க வேண்டும். பல மாநிலங்களில், நிறுவனம் மறுத்ததற்குச் சான்று காட்ட வேண்டும். கட்டணமும் கடுமையாக இருந்தது. 2011-இல் பல இடங்களில் கட்டணத்தைக் குறைத்து, மருத்துவரின் கடிதமே போதும் என்றதும் எண்ணிக்கை ஏறத் தொடங்கி, 2012 முடிவில் ஒரு லட்சத்தைக் கடந்தது. (பிறகு பணம் போதாமல் 2013 பிப்ரவரியில் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்தினார்கள் என்பது தனிக்கதை.) இடையில் மக்கள் அறிவு பெற்றுவிடவில்லை. வாசற்படியின் உயரம்தான் குறைந்தது.

நம் நாட்டு வாசற்படிகளையும் பார்ப்போம். பயனாளிகளின் பட்டியல் பெரும்பாலும் 2002-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டியது. இடையில் மணமாகித் தனிக்குடித்தனம் போனவர்கள் அதில் இல்லை, இறந்தவர்கள் இருந்தார்கள். முகாம் நடக்கும் நாளில் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ வெளியூர் போயிருந்த குடும்பத்துக்கு அவ்வாண்டு அவ்வளவுதான். இவற்றை நிர்வாகக் குறைகள் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஒரு விதி மட்டும் என்னைக் கடந்து போகவிடவில்லை. ஓர் அட்டையில் ஐந்து பேருக்குத்தான் இடம் என்பதே அது.

கணவன், மனைவி, பிள்ளைகள் மூவர், வயது முதிர்ந்த தாய் என ஆறு பேர் வாழும் வீட்டை எண்ணிப் பாருங்கள். யாரை விடுவது? தில்லியில் வகுத்த விதி இந்த வீட்டின் திண்ணையில் வந்து அமர்ந்து, உங்களுள் ஒருவரைக் கழித்துவிடுங்கள் என்கிறது. பெரும்பாலும் மகன் வாய் திறக்குமுன் தாயே சொல்லிவிடுவார்: “எனக்கெதுக்கப்பா? நான் போற காலம். பிள்ளைங்க பேரை எழுது.” அந்த இசைவு உண்மையானது, அதில் அன்பும் இருக்கிறது. ஆனாலும் அது சுதந்திரமான தேர்வா? நோய் வந்தால் முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டியவரே அன்பின் பெயரால் முதலில் விலகிக்கொள்கிறார். பெற்றோரை மதித்து நட என்னும் கட்டளையை மகன் மீறவில்லை. மீறாமல் இருக்க அவனுக்கு இடம் விடப்படவுமில்லை. 2018-இல் வந்த ‘ஆயுஷ்மான் பாரத்’ திட்டம் இந்த வரம்பை நீக்கியது. பத்தாண்டுகளாக எத்தனை தாய்மார் இவ்வாறு சொன்னார்கள் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கு இராது.

வராதவர்களுள் வேறொரு வகையினர், எண்ணிப் பார்த்தே வராதிருந்தவர்கள். அட்டை, மருத்துவமனையில் தங்கினால்தான் செல்லும். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கு அது உதவாது. ஏழை வீட்டின் காசு கரைவதோ பெரும்பாலும் அம்மாத்திரைகளில்தான். ஒரு நாள் கூலியை இழந்து அட்டை வாங்குவதால் என்ன பயன் என்று அவர்கள் கணக்கிட்டால், அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

நம்மவரிடையே மட்டும் எழும் ஒரு தயக்கமும் உண்டு. நோய் வருமென்று முன்கூட்டியே எழுதி வைப்பது இறைப் பராமரிப்பில் நம்பிக்கையின்மை ஆகாதா என்று பக்தியுள்ள சிலர் கேட்கிறார்கள். வானத்துப் பறவைகளைக் குறித்து ஆண்டவர் சொன்னதை எடுத்துக்காட்டுகிறார்கள். தொடக்கநூலில் யோசேப்பு ஏழு ஆண்டு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்ததையும் அவர்கள் நினைவில் கொள்ளட்டும். முன்னோக்கும் ஆற்றலை முன்மதி என்னும் நற்பண்பின் தலையாய பகுதியாகவே அக்குவினாஸ் வைத்தார்.

ஏழ்மையை மெய்ப்பிக்கும் கூச்சமே இவை எல்லாவற்றிலும் ஆழமானது. தமிழகத்தில் 2009-இல் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் பெயரால் நடந்துவரும் காப்பீட்டிற்குக் குடும்ப வருமான வரம்பு உண்டு. முன்பு 72,000 ரூபாய், பின்னர் 1,20,000. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற வேண்டும். கடன்பட்டும் மானமாக வாழும் குடும்பத் தலைவர் ஒருவர், நான் இன்னாருக்கும் கீழ் என்று முத்திரையோடு எழுதி வாங்குவதை எளிதாக ஏற்பதில்லை. அரசு மருத்துவமனையின் வாசலில் எவரும் தம் வறுமையை மெய்ப்பித்துவிட்டு நுழைய வேண்டியதில்லை என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். மருத்துவப் பராமரிப்பு மனிதரின் உரிமைகளுள் ஒன்றென்று 1963-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் ‘பாச்செம் இன் தெர்ரிஸ்’ சுற்றுமடலில் எழுதினார். உரிமையென்றால் அதைப் பெறுவதில் வெட்கத்திற்கு இடமில்லை. ஆனால் உரிமையை இரப்பதுபோல் பெறும்படி வைத்துவிட்டு, வராதவர்களைக் குறைகூறுகிறோம்.

பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் படுத்திருந்தவரை நினைக்கிறேன். குளம் பொதுவானது, எவரும் அவரைத் தடுத்ததாக நற்செய்தி சொல்லவில்லை. நலம்பெற விரும்புகிறீரா என்று ஆண்டவர் கேட்டபோது, அவர் தண்ணீரைக் குறைகூறவில்லை. தம்மை இறக்கிவிட ஆள் இல்லை என்பதையே சொன்னார். இத்தனை ஆண்டுகளாக ஏன் நீரே இறங்கவில்லை என்று ஆண்டவரும் அவரைக் கேட்கவில்லை.

வாசற்படியைத் தாழ்த்துவது அரசின் கடமை. அதை நாம் வலியுறுத்த வேண்டும். உடன் செல்ல ஆளாக இருப்பதோ நம்மால் இப்போதே இயல்வது. பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினர் வாரந்தோறும் ஏழைகளின் வீடு செல்கிறார்கள். அன்பியங்கள் தெருத் தெருவாகக் கூடுகின்றன. அரிசியும் மருந்துச் சீட்டுக்குப் பணமும் கொடுக்கும்போது, அட்டை இருக்கிறதா என்றும் கேட்கலாம். பங்கின் குடும்பப் பதிவேட்டில் உள்ள வீடுகளோடு நின்றுவிடாமல் தெருக்கோடி வரை போகலாம். தனியே வாழும் முதியோரிடம் சான்றுகளை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தால் போதாது. கூலி வேலையில் தேய்ந்த அவர்களின் விரல்களைப் பொறி சில வேளைகளில் ஏற்பதில்லை. அவர்களோடு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போய்வர யாரேனும் வேண்டும்.