நெரிசலில் நம் பங்கு

குறைந்த விலைக்கு நல்ல பொருள் வாங்க விரும்புவது குற்றமா? இல்லவே இல்லை. வியாபாரத்தை மார்க்கம் ஹலாலாக்கியிருக்கிறது. பேரம் பேசுவதற்கும் தடையில்லை. நாலைந்து பிள்ளைகளுள்ள வீட்டில், பெருநாள் உடுப்புக்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கும் தாய்க்குத் தள்ளுபடி என்பது ஒரு நிஃமத்தாகவே தோன்றும். அதை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால், மலிவைத் தேடிச் செல்லும் கூட்டத்தில் நாமும் ஒருவராக நிற்கும்போது நம்மைச் சாரும் பொறுப்பு என்ன? சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை, நன்றி கூறும் திருநாள். கிடைத்தவற்றை எண்ணி நன்றி சொல்லிக் குடும்பத்தோடு கூடி உண்பார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை கடைகளில் மாபெரும் தள்ளுபடி. உள்ளதற்கு நன்றி சொன்ன நாவின் ஈரம் உலருமுன்னே, இல்லாததைத் தேடி ஓட்டம் தொடங்கிவிடும்! அந்நாளைக் 'கறுப்பு வெள்ளி' என்று வழங்கியவர்கள், கூட்டத்தாலும் வாகன நெரிசலாலும் அல்லலுற்ற பிலடெல்பியா நகரப் போலீசார். ஜும்ஆ நாளுக்கு இப்படியொரு பெயரா என்ற கூச்சத்தால், அரபு நாட்டு வணிகர்கள் 2014-இல் அதை 'வெள்ளை வெள்ளி' என்று மாற்றினார்கள். பெயர் வெளுத்துவிட்டது. மனித மனம் வெளுத்ததா?

2008 நவம்பர் 28 அன்று, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு பெரிய அங்காடியின் முன் விடியுமுன்பே சுமார் இரண்டாயிரம் பேர் திரண்டனர். ஐந்து மணிக்குத் திறக்க வேண்டிய கதவு, அவர்கள் நெருக்கியதில் உடைந்தது. வாசலில் நின்ற 34 வயதுத் தற்காலிகத் தொழிலாளி ஒருவர் மிதிபட்டு உயிரிழந்தார். கடையைச் சாத்துவதாக அறிவித்தபோது, நேற்றிலிருந்து காத்திருக்கிறோமே என்று சிலர் குறைபட்டுக் கொண்டதாகவும் செய்திகள் கூறின.

அவரைக் கொன்றது யார்? கூட்டத்தில் ஒருவர்மீதும் வழக்கில்லை. தொழிலாளர் பாதுகாப்புத் துறை கடைக்கு 7,000 டாலர் அபராதம் விதித்தது. கூட்டத்தைத் திரட்டிவிட்டு அதைக் காக்க வழி செய்யாத வியாபாரி பொறுப்பாளிதான். ஆனால் தள்ளிய கைகள்? ஒவ்வொருவரும், "நான் கொஞ்சம்தானே தள்ளினேன், பின்னாலிருந்தவர்கள் என்னைத் தள்ளினார்களே" என்றுதான் சொல்வார்கள். சொன்னதும் பொய்யல்ல. இரண்டாயிரம் 'கொஞ்சம்' சேர்ந்தே ஓர் உயிரைப் பறித்தது. அந்தக் கொஞ்சத்தை நிறுக்க உலக நீதிமன்றத்தில் தராசு இல்லை. அணுவளவையும் நிறுக்கும் தராசு ஒன்று உண்டென்று நம்புகிற நாம் அப்படிச் சொல்லித் தப்ப முடியுமா?

நெரிசலைப் பற்றி நமக்கு வழிகாட்டல் இல்லாமல் இல்லை. வலிமை மிக்கவரான உமர் (ரலி) அவர்களிடம், ஹஜருல் அஸ்வத் அருகே பலவீனரை நெருக்கி வருத்த வேண்டாம், இடம் கிடைத்தால் முத்தமிடலாம், இல்லையேல் அதை நோக்கித் தக்பீர் சொல்லிச் செல்லலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஜும்ஆவில் பிறர் தோள்களைத் தாண்டி முன் வரிசைக்குப் போவதையும் அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். கஅபாவின் கல்லை முத்தமிடுவதற்கே பிறரை இடிக்கக் கூடாதென்றால், பாதி விலைச் சேலைக்காக இடிக்கலாமா?

இது அமெரிக்காவின் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆடித் தள்ளுபடியிலும், ரமளானின் கடைசிப் பத்திலும் நம்மூர்க் கடைவீதிகளைப் பார்க்கிறோம். லைலத்துல் கத்ரைத் தேட வேண்டிய இரவுகளில் நாம் ஜவுளிக்கடைப் படிகளில் நிற்கிறோம். நாற்பது சேலைகளை விரிக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் எழுகிறோம். எதிரே நாளெல்லாம் கால்கடுக்க நிற்கும் சிப்பந்திப் பெண்ணின் களைப்பு நம் கண்ணில் படுவதில்லை. அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது!

ஆகவே, சகோதர சகோதரிகளே! தள்ளுபடிக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பெருநாள் உடுப்பை ஷஅபானிலேயே வாங்கி வைக்கலாம். தேவை இன்னதென்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகலாம். வரிசையில் முதியவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் வழிவிடலாம். கூட்டம் முண்டும்போது, இந்தப் பொருள் நம் நசீபில் இல்லை என்று ஒதுங்கி வரலாம். அப்படி ஒதுங்கி வருகிறவர் கை வெறுங்கையாக இருக்கலாம். அவர் பங்குக்கு நெரிசல் ஓர் ஆள் குறைந்திருக்கும்.

மலிவாகப் பொருள் வாங்கப் போய், பிறர் ஹக்கைச் சுமந்து வீடு திரும்பாமல் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.