அகர வரிசையும் அறமும்

வரிசைப்படுத்துதல் எழுத்தர் செய்யும் எளிய வேலை எனப் பலர் எண்ணுவர். ஆயினும், ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் நிறுத்தும்போதே, இவற்றுள் எது பெரிது என்னும் வினாவும் உடன் எழுந்துவிடுகிறது. ஆகவே, வரிசையும் அறத்தின்பாற்பட்டதே.

பழந்தமிழ் நிகண்டுகள் சொற்களைப் பொருள் வகையால் தொகுத்தன. திவாகரத்தில் தெய்வப் பெயர்கள் முதலிலும், மக்கட் பெயர்கள் அடுத்தும், விலங்கின் பெயர்கள் அவற்றின் பின்னும் வருகின்றன. உலகில் எது உயர்ந்தது என்னும் கருத்தே அங்கு வரிசையாக அமைந்துள்ளது. 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதியோ சொற்களை எழுத்து முறையில் அடுக்கிற்று. அகர வரிசையில் ‘அடிமை’ என்னும் சொல் ‘அரசன்’ என்னும் சொல்லுக்கு முன் நிற்கும். குலமும் செல்வமும் கேளாது எழுத்தை மட்டுமே நோக்கும் நடுவுநிலை அது.

நடுவுநிலை ஒன்றே போதுமா? அகர வரிசை உறவை அறியாது. நூல்களை ஆசிரியர் பெயரால் மட்டும் அடுக்கினால், மருத்துவ நூலின் அருகே சிறுகதைத் தொகுதி வந்து நிற்கும். படிப்பவரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது, நூலக அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று. அதற்கு ஒத்த பொருளுடைய நூல்கள் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும்.

ஆனால், பொருட்பகுப்பிலும் மனிதரின் சாய்வு புகுந்துவிடுகிறது. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில், சமயத்திற்கு உரிய எண்களுள் 220 முதல் 289 வரை கிறித்துவத்திற்கே அளிக்கப்பட்டன. உலகின் பிற சமயங்கள் அனைத்தும் 290 முதலான பத்து எண்களுக்குள் ஒடுங்கின. இத்தகைய சாய்வு இல்லாமையே அகர வரிசையின் சிறப்பு. நூற்பட்டியலிலும் சான்றுப் பட்டியலிலும் அது நிலைபெற்றிருப்பது பொருத்தமே.

அந்த நடுவுநிலையும் மனிதரின் கவனத்தையே சார்ந்துள்ளது. எழுத்து வரிசை நேர்மையானது. எப்பெயரை அதனிடம் ஒப்படைப்பது என்பதை முடிவு செய்பவர் மனிதரே. மேற்கத்திய வழக்கில் இறுதியில் நிற்பது பெரும்பாலும் குடும்பப் பெயர். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரிடையே தம் பெயருக்குப் பின் தந்தை பெயரை எழுதும் வழக்கம் உண்டு. இதனை அறியாதவர் இறுதிப் பெயரைக் கொண்டு அடுக்கினால், நூலை எழுதிய மகள் மறைந்து, அந்நூலில் ஒரு வரியும் எழுதாத தந்தை ஆசிரியராகத் தோன்றுவார். மு. வரதராசன் என்னும் பெயரில் ‘மு’ என்பது தந்தையார் முனுசாமியைக் குறிப்பது. ஆகவே, அப்பெயர் வகர வரிசையில் இடம்பெறுவதே முறை.

சான்றுப் பட்டியல் அமைக்கும் மாணவர், எழுத்துகளின் வரிசையை அறிந்தால் மட்டும் போதாது; ஒவ்வோர் ஆசிரியரின் இயற்பெயர் எது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். பிறர் உழைப்பைப் பயன்படுத்தியவர், அவ்வுழைப்புக்கு உரியவரை உரிய பெயரால் காட்டுவது இலக்கண நெறி மட்டுமன்று, நன்றியறிதலுமாகும். இதனை வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர், பட்டியல் அமைக்கும் முறையோடு பிறரை மதிக்கும் பண்பையும் சேர்த்தே கற்பிக்கிறார்.