திண்ணைப் பள்ளியில் ஒரு போதகர்

பிறருக்கு உண்மையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்துடன் ஒருவர் ஓர் ஊருக்குள் நுழைகிறார். அந்த ஊரின் மொழி அவருக்குத் தெரியாது. அங்கு வாழ்பவர்கள் எதை வணங்குகிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள், எதை இழிவென்று ஒதுக்குகிறார்கள் என்பதும் தெரியாது. அவரிடம் இருப்பது தமது கொள்கையில் கொண்ட உறுதி ஒன்றே. அந்த உறுதி எவ்வளவு தூயதாக இருந்தாலும், அது மட்டுமே அவருக்குப் பேசும் உரிமையைத் தந்துவிடுமா? அல்லது, வாய் திறப்பதற்கு முன் அவர் அந்த ஊருக்குச் செலுத்த வேண்டிய கடன் ஏதேனும் உண்டா?

அரசர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு கடினமானதல்ல. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள காடு மல்லேஸ்வரர் கோயிலோடு தொடர்புடைய 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரரான ஏகோஜி, மேதரநிங்கனஹள்ளி என்ற கிராமத்தை மல்லாபுரத்து இறைவனுக்குக் கொடையாக அளித்த செய்தியை அது கூறுகிறது. மராட்டிய தேசத்திலிருந்து வந்த குடும்பம், கன்னட மண்ணில் நிலைகொள்ளும்போது, அம்மண்ணின் தெய்வத்திற்கு நிலம் கொடுத்து வணங்குகிறது. அதன் மூலம் ஊர் அரசனுக்கு உரியதாகிறது. அரசனும் ஊருக்கு உரியவனாகிறான். பக்தியும் ராஜதந்திரமும் இதில் எந்த அளவில் கலந்திருந்தன என்று ஆராய்வது வீண். கொடை கொடையே.

இதே ஏகோஜி சில ஆண்டுகளில் தஞ்சாவூரைக் கைப்பற்றி, அங்கே மராட்டிய அரசை நிறுவினார். அவருடைய மகன் ஷாஜி தஞ்சையை ஆண்டுகொண்டிருந்தபோது, 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், சோழநாட்டின் கடலோரச் சிற்றூரான தரங்கம்பாடியில் ‘சோஃபியா ஹெட்விக்’ என்ற கப்பல் நங்கூரமிட்டது. அதிலிருந்து இறங்கிய இரு இளம் போதகர்களிடம் கொடுப்பதற்கு நிலம் இல்லை, பொன்னும் இல்லை. கொண்டுவந்த உபதேசம் மட்டுமே இருந்தது. அதைக் கேட்க வேண்டும் என்று அந்த ஊரில் யாரும் காத்திருக்கவும் இல்லை.

அவர்களுள் ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682-இல் பிறந்தவர், வயது 24. ஹாலே நகரில் ஃபிராங்கே என்ற இறையியல் பேராசிரியரிடம் பயின்றவர். டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் அவரையும் அவருடைய தோழர் புளூட்சோவையும் அனுப்பியிருந்தார்.

மணலில் எழுத்து

தரங்கம்பாடி, 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர்கள் பெற்ற இடம். கடலை நோக்கிய கோட்டை, வணிகக் கிடங்குகள், சுற்றிலும் கோயில்களும் பள்ளிவாசலும், மீனவர் குப்பங்களும் நெசவாளர் தெருக்களும் கொண்ட ஊர். அங்கே டேனிஷ் தளபதியாக இருந்த ஹாசியஸ், வந்தவர்களை விரும்பவில்லை. வணிகம் நடக்கும் இடத்தில் சமயப் பிரச்சாரம் தொல்லை தரும் என்பது அவருடைய கணக்கு. கரை இறங்கிய போதகர்கள், தங்க இடம் காட்டுவார் இன்றி நெடுநேரம் வெளியே காத்து நின்றார்கள்.

ஒருவகையில் இந்தப் புறக்கணிப்பு நல்லதாகவே முடிந்தது. கோட்டைக்குள் விருந்தினராக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தால், அவர்கள் கோட்டை மதிலின் மேல் நின்றே ஊரைப் பார்த்திருப்பார்கள். மேலிடத்தின் கதவு மூடியிருந்ததால், ஊரின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

அக்காலக் கடற்கரை வணிகத்தின் பொதுமொழி போர்த்துகீசியம். அதைப் புளூட்சோ கற்றார். தமிழைச் சீகன்பால்கு எடுத்துக்கொண்டார். இலக்கணப் புத்தகமோ, அகராதியோ அவர் கையில் இல்லை. எழுபது வயதான திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவரை வேண்டி, அவருடைய பள்ளியையே தமது வீட்டிற்கு வரச் செய்தார். சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் எபிரேயமும் படித்த ஒருவர், அரிச்சுவடியில் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பின்தங்கி உட்கார்ந்திருந்த காட்சி, ஊராருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். ஆயினும் போதிக்க வந்தவர்களின் வரலாற்றில் இதைப் போன்ற காட்சிகள் அபூர்வம். எழுத்தைக் கற்றுத் தந்தாலும் பொருளை விளக்க அந்த உபாத்தியாயருக்கு வேற்றுமொழி தெரியாது. எனவே ஐரோப்பிய மொழிகள் சில அறிந்த அழகப்பன் என்பவர் துபாஷியாக அமர்த்தப்பட்டார்.

மொழி வந்ததுமே மனமும் பக்குவப்பட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். தொடக்க காலத்தில் ஊர்ப்புறக் கோயில் ஒன்றில், சுற்றிலும் நிறுத்தப்பட்டிருந்த மண்ணுருவங்கள் சிலவற்றைச் சீகன்பால்கு தள்ளி உடைத்தார். இவற்றுக்குச் சக்தி இல்லை என்று காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தார். அங்கிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் அவருக்குப் பதில் சொன்னார்: இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் படைவீரர்கள் மட்டுமே. உடைத்தவரோ, தாம் எதை உடைக்கிறோம் என்பதையே அறியாமல் உடைத்திருக்கிறார்! வன்முறையின் தவறு ஒருபுறம் இருக்கட்டும். அறிவின் தளத்திலும் அது தோல்வி. தெரியாத ஒன்றை மறுக்க முடியாது. மறுப்பதற்கும்கூட முதலில் அதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

தெரிந்துகொள்ளும் வேலையை அவர் அசாதாரணமான சிரத்தையோடு செய்தார். 1708-இல் எழுதிய கடிதம் ஒன்றில் தமது நாளின் ஒழுங்கை விவரிக்கிறார். காலையில் கற்ற சொற்களை மீண்டும் நினைவுகூர்தல். பின்னர் நண்பகல் வரை, வயதான புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் அருகில் வைத்துக்கொண்டு ஏடுகளைப் படித்தல். விளங்காத இடங்களைப் புலவர் விளக்க வேண்டும். பிற்பகலில் மீண்டும் ஏடு. இரவில் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க, வேறொருவர் படிக்கக் கேட்டல். ஏடுகளைத் தேடி உள்நாட்டுக்கு ஆட்களை அனுப்பினார். இறந்துபோன அந்தணர்களின் விதவைகளிடமிருந்து அவை குறைந்த விலைக்குக் கிடைத்தன. இந்தக் கடைசிச் செய்தி சற்று உறுத்துவதுதான். வறுமை விற்றதைத்தான் ஆர்வம் வாங்கியது.

அதே 1708-இல் தாம் சேர்த்த நூல்களுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றை எழுதினார். அதில் இந்துத் தமிழ் நூல்கள் மட்டும் 119. நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். இந்த மக்களுக்குக் கல்வியும் ஒழுங்கும் இல்லை என்று தாம் ஐரோப்பாவில் நினைத்திருந்ததை, அவர்களின் நூல்களைப் படித்தபின் கைவிட்டதாக அவரே எழுதினார். அவர்களுள் பலரின் ஒழுக்கம் ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் பலரை வெட்கப்பட வைக்கும் என்றும் எழுதினார்.

மறுப்பதற்காகக் கற்பது கல்வியா?

இங்குதான் உண்மையான சிக்கல் எழுகிறது. சீகன்பால்கு இவற்றையெல்லாம் கற்றது இவற்றை ஏற்பதற்காக அல்ல; இவற்றிலிருந்து மக்களை விலக்கி, தமது சமயத்திற்குக் கொண்டுவருவதற்காக. கடைசி வரை அந்த நோக்கத்தை அவர் மாற்றிக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அப்படியானால் அவருடைய கல்வி, பூட்டைத் திறப்பதற்காகப் பூட்டின் அமைப்பைக் கற்கும் கல்விதானே?

பாரத தரிசனங்களில் ‘பூர்வபட்சம்’ என்றொரு முறை உண்டு. எதிர்த்தரப்பின் கொள்கையை அவர்களே ஒப்புக்கொள்ளும் வகையில் முழுமையாக எடுத்துரைத்த பின்பே தமது சித்தாந்தத்தை நிறுவ வேண்டும். சிவஞான சித்தியாரில் பரபக்கம் முதலில் வருகிறது; சுபக்கம் அதன் பிறகே. மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத்தைச் சரணடையப் போகும் மணிமேகலை, வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளின் திறத்தையும் கேட்டு வருகிறாள். மாதவரின் சர்வதர்சன சங்கிரகமோ சார்வாகத்திற்கே முதல் இருக்கையைக் கொடுக்கிறது. மறுப்பதற்காகக் கற்பது நமது மரபில் குற்றமாகக் கருதப்படவில்லை. அரைகுறையாகக் கற்று மறுப்பதே குற்றம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாத சபையில் எதிராளி எதிரே அமர்ந்திருக்கிறார். தமது கொள்கை திரிக்கப்பட்டால் உடனே எழுந்து மறுப்பார். தரங்கம்பாடியில் எழுதி ஹாலேயில் படிக்கப்படும் நூலில் எதிராளி இல்லை. அங்கே ஆசிரியரின் மனசாட்சி மட்டுமே காவல்.

அந்தக் காவல் எப்போதும் விழித்திருந்தது என்று சொல்ல முடியாது. சித்தர் பாடல்களில் சிவவாக்கியர் பாடல்களை அவர் மிகவும் விரும்பி, அடிக்கடி எடுத்துக்காட்டினார். உருவ வழிபாட்டைச் சாடும் அந்தக் குரலில் அவர் தமது குரலையே கேட்டார் போலும். சிவவாக்கியர் தரங்கம்பாடிக்கு வந்திருந்தால், கோயில் மணியோடு தேவாலய மணியையும் சேர்த்தே கேள்வி கேட்டிருப்பார் என்பது அவருக்குத் தோன்றவில்லை. தமக்கு உடன்பாடானதை மட்டும் பிறரிடம் காண்பது, எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள பலவீனம்.

இருந்தும் 1712-க்கும் 1714-க்கும் இடையில் அவரும், பின்னர் வந்து சேர்ந்த கிரண்ட்லரும் ஒரு காரியம் செய்தனர். தமிழர்களிடம் கேள்விகளை அனுப்பி, பதில்களைக் கடிதங்களாகவே பெற்று, ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர். அவ்வாறு அச்சேறிய கடிதங்கள் 99. இவற்றுள் பெரும்பகுதி அழகப்பனின் கையிலிருந்தே வந்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும், எதிராளி அங்கே பேசுகிறார். அதுவும் கூச்சமின்றிப் பேசுகிறார். பசுவைக் கொன்று உண்பதும், குடிப்பதும், உடல் தூய்மையைப் பேணாததும் உங்கள் சமயத்தார் வழக்கமாயிருக்க, உங்கள் உபதேசத்தை எப்படி மதிப்பது என்பது அக்கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. தத்துவ வாதம் அல்ல அது, அதைவிடக் கூர்மையானது. போதகரின் சொல்லைக் கேட்பதற்கு முன், ஊர் அவருடைய இனத்தாரின் நடத்தையைப் படித்து முடித்திருந்தது. இத்தகைய பதில்களை மறைக்காமல் தாய்நாட்டிற்கு அனுப்பி வைத்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இரு கரைகளிலும் அயலார்

ஊரை இவ்வளவு நெருங்கியவர், தம்மவரிடமிருந்து விலகிச் சென்றதில் வியப்பில்லை. 1708 நவம்பரில், நாவிதர் ஒருவரின் விதவைக்காகக் கடன் வழக்கு ஒன்றில் பரிந்து பேசப் போய், ஹாசியஸின் சினத்திற்கு ஆளாகி, கோட்டைச் சிறையில் நான்கு மாதங்கள் அடைபட்டார். அவரைச் சிறையிட்டது அவர் மறுக்க வந்த சமயத்தார் அல்லர், அவருடைய சமயத்தவரே.

அதைவிட ஆழமான அடி 1713-க்குப் பின் விழுந்தது. அவ்வாண்டில் அவர் தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளியைப் பற்றி ஒரு பெரும் நூலை எழுதி முடித்தார். அனைத்திற்கும் மேலான பராபரவஸ்துவில் தொடங்கி, மும்மூர்த்திகளைக் கூறி, அய்யனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி எனக் கிராம தேவதைகள் வரை அந்நூல் இறங்கி வருகிறது. கோயில்களில் நிற்கும் உருவங்கள் எவை, அவை ஏன் நிற்கின்றன என்பதும் அதில் உண்டு. முன்பு மண்ணுருவங்களை உடைத்த அதே கை எழுதியது அது. ஹாலேயில் ஃபிராங்கே அதை அச்சிட விரும்பவில்லை. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள், அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பதே அவருடைய மறுப்பின் சாரம்.

நிறுவனத்தின் பார்வையில் ஃபிராங்கே சொன்னது தவறல்ல. அவர் ஆபத்தைச் சரியாகவே கண்டுகொண்டார். கருவியாகக் கற்கத் தொடங்கிய ஒன்று, கற்கக் கற்கத் தன்னளவில் மதிப்புடையதாகிவிடுகிறது. மறுப்பதற்கு ஐம்பது பக்கம் போதும். பிடாரியின் பூஜை முறையைப் பிழையில்லாமல் குறித்துவைக்க வேண்டும் என்ற கவலை அதற்குத் தேவையில்லை. அந்தக் கவலை எங்கிருந்தோ வந்து அவரைப் பற்றிக்கொண்டது. அவருடைய நம்பிக்கை மாறவில்லை. ஆனால் தம் நம்பிக்கைக்குப் பயன்படாத உண்மைக்கும் கடமைப்பட்டவராக அவர் மாறியிருந்தார். 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், 36-ஆம் வயதில், அந்த ஊரிலேயே இறந்தார். முந்திய ஆண்டு திறப்புவிழா கண்ட புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த நூல் 1867-இல்தான் அச்சேறியது. அதுவும் சென்னையில், ஜெர்மன் மொழியில்.

போதகரின் கடனைப் பற்றி இவ்வளவு சொன்னபின், அவருக்குக் கடன் கொடுத்தவர்களையும் பார்க்க வேண்டும். மணலில் எழுத்தைக் காட்டித் தந்த முதிய உபாத்தியாயரின் மகன் கணபதி வாத்தியார் கிறிஸ்தவரானார். சொந்தபந்தங்களின் கடும் பகையை ஏற்றார். துபாஷி அழகப்பன் தரங்கம்பாடியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். பின்னர் தஞ்சைச் சீமையில் அவர் சிறைப்பட்டதாகச் சீகன்பால்கு எழுதியிருக்கிறார். தமிழையும் சமயத்தின் உட்பொருளையும் அயலாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். போதகர் தம் தளபதியின் சிறையில் நான்கு மாதங்கள் இருந்தார் என்றால், அவருக்கு மொழி தந்தவர் தம் நாட்டுச் சிறையில் இருந்தார்.