நாலு பேர் என்ன சொல்வார்கள்?

நம் வீடுகளில் அதிகம் கேட்கும் கேள்வி, "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பதுதான். அந்த நாலு பேர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் பெயர் சொல்லத் தெரியாது. ஆனாலும் பெண் கொடுப்பது, பந்தியில் உட்காருவது, யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது எல்லாவற்றையும் அவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம்.

நம் கொங்கு நாட்டிலேயே நடந்ததைப் பார்ப்போம். 2018 ஜூலை மாதம், அவினாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்கு ஓர் அம்மா சத்துணவு சமைக்க மாறுதலாகி வந்தார். அவர் அருந்ததியர் சமூகத்தவர். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று ஊரில் ஒரு பிரிவினர் பள்ளி முன் திரண்டார்கள். உடனே அந்த அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றி உத்தரவு வந்தது. செய்தி வெளியே பரவி எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தாகி, அவர் அதே பள்ளிக்குத் திரும்பினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது.

அங்கே திரண்ட எல்லோர் மனதிலும் வெறுப்புதான் இருந்ததா? மனதை அறிந்தவர் அய்யா ஒருவரே. ஆனால் ஊரில் பிறந்து வளர்ந்த நமக்கு ஒன்று தெரியும். இப்படிப்பட்ட கூட்டத்தில் சத்தம் போடுகிறவர் சிலர்தான். மற்றவர்கள் வராவிட்டால் ஊர் பேசும் என்று வந்து நிற்பவர்கள். சத்தம் போடுகிறவர் கையில் இருப்பது பாதி பலம். மீதிப் பாதியை வாய் மூடி நிற்பவர்கள் கொடுக்கிறார்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். அதே ஊர்க்காரர் கோவைக்கு வந்தால் காந்திபுரத்தில் ஓட்டலில் சாப்பிடுகிறார். உள்ளே கரண்டி பிடிப்பவர் என்ன சாதி என்று கேட்பதில்லை. சோறு தொண்டையில் சிக்குவதும் இல்லை. ஊருக்குள் போனதும் கேட்கிறார். அப்படியானால் தீட்டு சோற்றில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்வையில்தான் இருக்கிறது.

ஊருக்குப் பயப்படுவதே தப்பு என்று சொல்லவில்லை. குடித்துவிட்டு மனைவியை அடிக்கக் கை ஓங்குபவன், ஊர் கேட்குமே என்று கையை இறக்கினால் நல்லதுதான். பழிக்கு அஞ்சுவது வேறு, பேச்சுக்கு அஞ்சுவது வேறு. யாரும் பார்க்காத இடத்தில் செய்தாலும் திருட்டு திருட்டுதான்; அதற்கு அஞ்சுவது பழிக்கு அஞ்சுவது. யாரும் பார்க்காவிட்டால் தப்பாகவே தெரியாத ஒன்றுக்கு அஞ்சினால், அது வெறும் பேச்சுக்கு அஞ்சுவது.

அய்யா வாழ்ந்த காலத்துத் திருவிதாங்கூரிலும் இப்படித்தான். ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் தோள்சீலை போடக்கூடாது என்று கட்டுப்பாடு. ராஜா இருந்ததோ அனந்தபுரி அரண்மனையில். தாமரைக்குளத்துத் தெருவில் யார் என்ன உடுத்தினார்கள் என்று அவர் வந்து பார்க்கவில்லை. பார்த்ததும், சந்தையில் வழிமறித்துச் சீலையைக் கிழித்ததும் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். கலியின் தந்திரம் அது. ஒரு சட்டத்தைப் போட்டுவிட்டு நம்மையே ஒருவருக்கொருவர் காவல்காரராக்கிவிடும்.

தோள்சீலைக்கு அரசு இறங்கி வந்து அறிவிப்பு வெளியிட்டது 1859இல். அய்யாவோ அதற்கு முன்பே, 1833 முதல், உத்தரவுக்குக் காத்திராமல் மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். சிங்காரத்தோப்புச் சிறையிலும் இருந்தார். ஒருவர் மட்டும் கட்டினால் அடித்துப் போடுவார்கள். பதிக்கு வரும் அத்தனை பேரும் கட்டினால் அடிக்க வந்தவன் தயங்குவான். ஒரே முத்திரிக்கிணற்றில் எல்லோரையும் குளிக்க வைத்தார், ஒரே பந்தியில் உண்ண வைத்தார். தைரியமாக இரு என்று வாயால் மட்டும் சொல்லவில்லை. பயந்தவன் வந்து சேர இன்னொரு ஊரையே உண்டாக்கிக் கொடுத்தார்.

அந்த ஊர்தான் நம் நிழல்தாங்கல். பிழைப்புக்காகத் தெற்கேயிருந்து கோவை, திருப்பூர் வந்து சேர்ந்த நாம், இங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அன்னதர்மம் வாங்குகிறோம். பரிமாறுகிறவர் எந்தச் சாதி என்று கேட்பதில்லை. ஆனால் வாசலைத் தாண்டி வீட்டுக்குப் போனதும் கேட்கிறோமா? கல்யாணப் பேச்சு எடுத்ததும் கேட்கிறோமா? கேட்டால், தாங்கலில் கட்டிய தலைப்பாகையைத் தாங்கலிலேயே அவிழ்த்து வைத்துவிட்டு வந்தோம் என்றுதான் அர்த்தம்.

எல்லோராலும் முதல் ஆளாக எழுந்து பேச முடியாது. குடும்பம், வேலை, வாடகை வீடு என்று ஆயிரம் கட்டு இருக்கிறது. ஆனால் ஒருவர் எழுந்து, "இது தர்மம் இல்லை" என்று சொல்லும்போது அவர் பக்கத்தில் போய் இரண்டாவது ஆளாக நிற்கலாம். முதல் ஆளைக் கிறுக்கன் என்று சொல்லி ஊர் ஒதுக்கிவிடும். இரண்டாவது ஆள் வந்துவிட்டால் அப்படிச் சொல்வது கஷ்டம். மூன்றாவது, நான்காவது ஆள் தானாக வருவார்கள். அப்போது நாம் பயந்த அந்த நாலு பேர் நாமாகவே இருப்போம்.

பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கும்போது அதில் தெரிவது நம் முகம். ஊர் முகம் இல்லை. அந்த முகத்தில் திருநாமம் இட்டுக்கொண்டுதான் நாம் வெளியே வருகிறோம். நாளைக்கு ஒருவரைத் தள்ளி உட்காரச் சொல்லி யாராவது கூப்பாடு போட்டால், இந்த முகத்தோடுதான் அங்கேயும் நிற்க வேண்டும். அதற்கு அய்யா துணை செய்வார்.

அய்யா உண்டு.