எலியா கேட்டதும் ஆண்டவர் கொடுத்ததும்



முதல் வாசகத்தில் வந்த எலியா, கார்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் நானூற்றைம்பது பேருக்கு முன்னால் தனியாளாய் நின்று வென்றவர். அதே மனிதர் அடுத்த அதிகாரத்தில் பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து கிடக்கிறார். இருந்தது போதும், என்னை எடுத்துவிடும் என்று ஆண்டவரிடம் கெஞ்சுகிறார். திருவிவிலியத்தில் சாவைக் கேட்டவர் இவர் மட்டுமில்லை. மோசே கேட்டார், யோனா கேட்டார், யோபு தான் பிறந்த நாளையே சபித்தார். ஆகவே உங்களில் ஒருவருக்கோ, வீட்டில் படுக்கையில் இருக்கிற உங்கள் அம்மா அப்பாவுக்கோ அந்த எண்ணம் வந்திருந்தால், அதை விசுவாசக் குறைவு என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆண்டவர் என்ன செய்தார் என்று பாருங்கள். எலியாவை ஏசவில்லை. புத்தி சொல்லவில்லை. கேட்டதைக் கொடுக்கவும் இல்லை. தூதர் வந்து தொட்டு எழுப்புகிறார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துவிடுகிறார். தூதர் இரண்டாம் தரமும் வருகிறார், தொடுகிறார், சாப்பிடச் சொல்கிறார். நோயாளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் தரம் ஊரே தோடம்பழத்தோடும் பிஸ்கற்றோடும் வரும். இரண்டாம் தரம் வருகிற ஆட்களை விரல்விட்டு எண்ணலாம்.

இன்று லூர்து அன்னை திருநாள். 1993 முதல் திருச்சபை இதை நோயாளர் நாளாகவும் கொண்டாடுகிறது. இந்த நாளில் இந்த வாசகத்தை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. உங்களில் பலருக்குப் பிள்ளைகள் கனடாவில், லண்டனில், சுவிசில். நற்கருணை கொண்டு வீடுகளுக்குப் போகும்போது, "சுவாமி, அங்கையெல்லாம் டொக்டரே மருந்து குடுத்து ஆளை அனுப்பலாமாம், இஞ்சை ஏன் ஏலாது?" என்று கேட்கிறார்கள். சிலர் பகிடியாகக் கேட்பது போலக் கேட்கிறார்கள். பகிடி இல்லை என்று முகத்தில் தெரியும்.

நடப்பதைச் சொல்கிறேன். சுவிசில், சுயநலமில்லாமல் ஒருவர் தன்னை முடித்துக்கொள்ள உதவுவது 1942இலிருந்து தண்டனைக்குரியதல்ல. கனடாவில் 2016இல் சட்டம் வந்தது. சாவு நெருங்கியவர்களுக்கு மட்டும் என்றுதான் தொடங்கினார்கள். 2021இல் அந்த வரம்பை எடுத்தார்கள். 2023இல் அந்த வழியில் இறந்தவர்கள் 15,343 பேர். அந்த ஆண்டில் அங்கே நடந்த சாவுகளில் 4.7 வீதம். பிரித்தானியாவில், ஆறு மாதத்துக்குள் இறப்பார் என்று கணிக்கப்பட்டவர்களுக்கான சட்டமூலம் 2025 யூன் 20ஆம் திகதி பொதுச்சபையில் 314க்கு 291 என்று நிறைவேறியது. கட்சிக் கட்டளை இல்லை, ஒவ்வொருவரும் தன் மனச்சாட்சிப்படி போட்ட வாக்கு. இருபத்து மூன்று வாக்கு வித்தியாசத்தைப் பார்த்தாலே அவர்களும் எவ்வளவு தடுமாறுகிறார்கள் என்று விளங்கும். எங்கள் இலங்கையில் அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. தற்கொலைக்கு முயன்றவரை 1998க்குப் பிறகு சட்டம் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை, நல்லது. ஆனால் ஒருவர் தன்னை மாய்க்க உடந்தையாவது தண்டனைச் சட்டக்கோவையின் 299ஆம் பிரிவின்படி இன்றும் குற்றம்.

சட்டம் இல்லையென்றால் சோதனையும் இல்லை என்று நினைக்க வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் விருதுநகர்ப் பக்கத்தில், தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. படுத்த படுக்கையான கிழவரை விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் தப்பிக் குளிர்ந்த தண்ணீரில் முழுக்காட்டுவார்கள். பிறகு இளநீரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பருக்குவார்கள். காய்ச்சல் வந்து ஓரிரு நாளில் ஆள் போய்விடும். சாவீட்டுக்கு வந்தவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள். 2010இல், தன் வீட்டிலேயே ஏற்பாடு நடப்பதை அறிந்த எண்பது வயதுக்காரர் ஒருவர் ஓடித் தப்பியபோதுதான் இது செய்தியாக வெளியே வந்தது. இதை வைத்து எடுத்த 'பாரம்' என்ற படம் இந்தியாவில் தேசிய விருதும் பெற்றது. எண்ணெய் தப்பிய கைகளைக் கொலைக் கைகள் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு லேசு. கூலிக்குப் போகாவிட்டால் உலை ஏறாத வீடு. ஒருவர் நின்று பார்த்தால் அன்றைக்கு அந்தச் சம்பளம் இல்லை. பக்கத்து வீடு எட்டிப் பார்ப்பதில்லை.

கனடாவில் நோயாளி தானே கேட்கிறார், வைத்தியர்கள் ஆராய்கிறார்கள். விருதுநகரில் கிழவரிடம் யாரும் கேட்பதில்லை. இரண்டும் ஒன்றல்ல, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் கனடா அரசின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், நோயாளிகள் சொல்கிற காரணங்களில் வீட்டாருக்குப் பாரமாகிவிட்டேன் என்பதும் இருக்கிறது. பணக்கார நாட்டின் வெள்ளை மெத்தையிலும் விருதுநகர்ப் பாயிலும் அதே நினைப்புத்தான் ஆளை அரிக்கிறது. இங்கே எங்கள் அக்கராயனிலும் அதுதான். "பிள்ளையளுக்குக் கரைச்சலாய் இருக்கிறன்" என்று எத்தனை ஆச்சிமார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்!

சரி, திருச்சபை என்ன சொல்கிறது? வேண்டுமென்றே உயிரை எடுக்காதே. நோயாளி கேட்டாலும், இரக்கத்தால் என்றாலும், எடுக்காதே. இது எல்லாருக்கும் தெரியும். இதன் மறுபாதியை எங்கள் சனம் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. சாவை எப்படியாவது தள்ளிப்போட வேண்டும் என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. பலன் தராத, உடம்பை வதைக்கிற சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லலாம், தொடங்கியதை நிறுத்தவும் செய்யலாம். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே வைத்தியர்களுக்கு இதைச் சொன்னார். மறைக்கல்வி ஏட்டில் 2278ஆம் எண்ணில் இருக்கிறது. இரண்டாம் யோவான் பவுல் 2005 ஏப்ரலில் கடைசி நேரத்தில் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, தன் அறையிலேயே கண்ணை மூடினார். சாப்பாடும் தண்ணீரும், உடம்பு ஏற்றுக்கொள்ளும் மட்டும், கொடுக்க வேண்டும். எலியாவுக்குக் கிடைத்ததும் அதுதானே.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அப்பாவைச் சுவாசக் கருவியிலிருந்து எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்து வைத்துவிட்டு, நான்தான் கொன்றேன் என்று வருடக்கணக்காய்ப் பாவசங்கீர்த்தனத்தில் அழுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் கொல்லவில்லை. நோய் கொன்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெடுகத் தள்ளிப்போட்டு வந்தது. 2008இன் பிற்பகுதியில், போரில் இந்த ஊர் விழுந்தது. அதற்கு முன்பே வெளிக்கிட்ட சனம் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று நடந்து முள்ளிவாய்க்காலில் போய் நின்றது. மயக்க மருந்து இல்லாமல் கையையும் காலையும் எடுத்த ஆஸ்பத்திரிகளைக் கண்ட சனம் நீங்கள். வலியைப் பற்றி உங்களுக்கு நான் படிப்பிக்க ஏலாது. நடக்க மாட்டாத தாயைப் பங்கருக்குள் விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இந்தக் கோயிலில் இருக்கக்கூடும். என்னைச் சுட்டுப்போட்டுப் போ என்று காயப்பட்டவன் கேட்டதைக் கேட்ட காதுகளும் இருக்கக்கூடும். கில்போவா மலையில் சவுல் அரசன் தன் ஆயுதம் தூக்குகிறவனிடம் அதைத்தான் கேட்டான். அவன் பயந்து மறுத்தான். அந்த மணித்தியாலங்களில் நீங்கள் செய்ததையும் செய்யாததையும் நியாயம் தீர்க்க நான் இந்தப் பீடத்தில் நிற்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கக்கூடிய அளவுதான் ஒரு மனிதன் தூக்கலாம். மிச்சத்தை ஆண்டவரிடம் விடுங்கள். பேச வேண்டும்போல இருந்தால் என்னிடம் வாருங்கள், நேரம் பார்க்க வேண்டாம்.

சண்டையில் முள்ளந்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிற எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்! மாங்குளத்தில் 'உயிரிழை' என்று தங்களுக்கென ஓர் அமைப்பையே நடத்துகிறார்கள். கனடாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே இருந்தால், சாவு கிட்டவே இல்லாத இவர்களும் அதைக் கேட்கத் தகுதி உள்ளவர்கள் ஆகலாம். அந்த மாற்றத்தை அங்கே மிகக் கடுமையாக எதிர்த்தவர்களில் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும் இருந்தன. சக்கரநாற்காலி வேண்டும், சாய்தளம் வேண்டும், வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் வேண்டும் என்று கேட்கிறவனுக்கு அரசாங்கம் எதை முதலில் கொடுக்கும் என்று அவர்கள் கேட்டார்கள். சரியான கேள்வி.

பார்க்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மும்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் என்று ஒரு தாதி. 1973 நவம்பர் 27ஆம் திகதி அதே ஆஸ்பத்திரிச் சிப்பந்தி ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துத் தாக்கியதில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டு நினைவு திரும்பாத நிலை. நாற்பத்திரண்டு ஆண்டு அதே ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரைச் சாக விடுங்கள் என்று ஓர் எழுத்தாளர் நல்லெண்ணத்தோடு வழக்குப் போட்டார். 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் மறுத்தது. மறுக்கும்போது, சில நிபந்தனைகளோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்ற வழியையும் திறந்துவிட்டது. அந்த வழக்கில் என்னைப் பிடித்தது சட்டம் அல்ல. பார்க்கப் போன வைத்தியர்கள் கண்டது, இத்தனை வருடம் கிடந்த உடம்பில் ஒரு படுக்கைப்புண் இல்லை. படுக்கைப்புண் வராமல் பார்ப்பது என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஆளைப் புரட்ட வேண்டும், ஈரம் துடைக்க வேண்டும், விரிப்பில் ஒரு மடிப்பு இருக்கக்கூடாது. அருணா தாதியாய் வேலை செய்ததைக் கண்டே இராத, பிறகு வேலைக்குச் சேர்ந்த தாதியரும் அதைத் தொடர்ந்து செய்தார்கள். அவரை எங்களிடமே விடுங்கள் என்று நீதிமன்றத்தில் நின்றவர்களும் அவர்களே. 2015இல் நியூமோனியாவில் அவர் இறந்தார். திகதி மே 18. முள்ளிவாய்க்காலின் நாள், எங்களுக்கு மறக்கக்கூடிய திகதியா?

சாக விட வேண்டாம் என்று சொல்ல உரிமை இருந்தது அந்தத் தாதியருக்கு. புரட்டிய கைகள் அவை. வீட்டுப் படியேறாமல், ஒரு நேரக் கஞ்சி கொண்டுபோகாமல், தற்கொலை பாவம், கருணைக்கொலை பாவம் என்று சொல்கிற வாய்க்கு, என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பெறுமதி இல்லை.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. நோவைத் தாங்கினால் புண்ணியம் என்று மருந்தை மறுக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். சிலுவையில் அறையுமுன் கொடுத்த வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை இயேசு வாங்கவில்லையே என்கிறார்கள். அது அவர் தெரிந்தெடுத்தது, உங்கள் அம்மாவுக்கு நீங்கள் தெரிந்தெடுக்க வேண்டாம். சாகிறவனுக்கு மது கொடு, துயரத்தை மறக்கட்டும் என்ற கருத்து நீதிமொழிகள் 31இல் இருக்கிறது. நோவு தணிக்கிற மருந்தால் ஆயுள் சற்றுக் குறையலாம் என்றாலும், நோக்கம் நோவைத் தணிப்பதுதான் என்றால் கொடுக்கலாம் என்று அதே பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இல் சொல்லிவிட்டார். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மோர்பின் குளிசை தந்தால், நோவு வந்த பிறகு பாப்பம் என்று அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். டொக்டர் சொன்ன மணிக்குக் கொடுங்கள், நோவு திரும்ப வரமுதலே கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேளுங்கள். நோவு அடங்கி ஓர் இரவு நித்திரை கொண்ட ஆள் மறுநாள் காலையில் சாவைப் பற்றி அதே மாதிரிப் பேசமாட்டார். எல்லாரும் அப்படி மாறிவிடுவார்கள் என்று சொல்லமாட்டேன். பலர் மாறுவதை நோயாளரோடு இருக்கிறவர்கள் அறிவார்கள்.

மோசேயும் சாவைக் கேட்டார் என்று தொடக்கத்தில் சொன்னேன். எண்ணிக்கை நூல், 11ஆம் அதிகாரம். இந்தச் சனத்தை என்னால் தனியே சுமக்க முடியாது, அதைவிட என்னைக் கொன்றுவிடும் என்கிறார். ஆண்டவர் அவருக்குக் கொடுத்த பதில் எழுபது மூப்பர்கள். சுமையைப் பிரித்துத் தூக்க எழுபது ஆட்கள்! படுத்தவருக்கு மட்டுமல்ல, பார்க்கிற மகளுக்கும் மருமகளுக்கும் சேர்த்துத்தான் இந்த வாசகம். இரவும் பகலும் முழித்து, ஒருநாள் மனம் வெறுத்து, அம்மா போய்ச் சேர்ந்தால் நல்லது என்று நினைத்துவிட்ட மகளே, மோசே பேசிய பேச்சைத்தான் நீயும் பேசினாய். உனக்கு வரவேண்டிய எழுபது பேர் இந்த வாங்குகளில்தான் இருக்கிறார்கள்.

இனி நோயாளருக்கு எண்ணெய் பூசுவோம். எண்ணெய் பூசினால் ஆள் முடிந்துபோகும் என்று பயந்து பின்னால் நிற்கிறவர்கள் முன்னுக்கு வாருங்கள், இது சுகத்துக்கும் தென்புக்கும் தரப்படுகிற அருட்சாதனம். பூசை முடிந்து போகும்போது வாசலில் அன்பியத் தலைவர்மார் ஒரு கொப்பியோடு நிற்பார்கள். எங்கள் பங்கில் படுக்கையில் இருக்கிறவர்களின் வீடுகள் அதில் எழுதியிருக்கின்றன. காசு கேட்கவில்லை. கிழமையில் இரண்டு மணித்தியாலம், ஒரு வீடு, பார்க்கிற ஆள் குளித்துச் சாப்பிட்டு ஒரு கண் உறங்கி எழும்பும் மட்டும் அந்த நோயாளிக்குப் பக்கத்தில் இருங்கள். ஆளைப் புரட்டத் தெரியாதவர்களுக்கு ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் அடுத்த சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கோயில் மண்டபத்தில் காட்டித் தருவார். ஆம்பிளைகளும் வாருங்கள். பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.