சம்மேத சிகரத்தில் ஒரு மழைக்காலை



சிராவண மாதத்து வளர்பிறை ஏழாம் நாள், பார்சுவநாதர் வீடுபேறு எய்திய மோட்ச சப்தமி. அந்நாளில் சம்மேத சிகரத்தில் நிர்வாண லட்டு சமர்ப்பித்து வணங்க வேண்டும் என்னும் ஆவல் நம்மவர் பலர்க்கும் உண்டு. ஆயின் அது வடநாட்டில் மழை ஓங்கி நிற்கும் பருவம். யாத்திரைக் குழுவினர் கூடும்போது ரயில் சீட்டு, தர்மசாலை, சமையல்காரர் என்று அனைத்தையும் பேசுவர். மலைமுகட்டில் இடி இடித்தால் என் செய்வது என்று எவரும் பேசார். 2011ஆம் ஆண்டு நாமும் பேசாமலே புறப்பட்டோம்.

சென்றவர்க்குத் தெரியும், எனினும் இளையோர்க்காகச் சொல்கின்றோம். ஜார்க்கண்ட் மாநிலம் கிரிடீஹ் மாவட்டத்தில், 1,350 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பது இம்மலை. இருபத்துநான்கு தீர்த்தங்கரருள் இருபதின்மர் வீடுபெற்ற தலம். சந்தால் மக்களும் இதனை மராங் புரு என்று போற்றுவர். அடிவாரத்து மதுவனத்திலிருந்து ஏற்றம் 9 கிலோமீட்டர், மேலே திருவடிக் கோயில்களைச் சுற்றி வருவது 9, இறக்கம் 9; ஆக 27 கிலோமீட்டர். ஏற்றம் பெரும்பாலும் காட்டினூடே செல்வதால் காற்று தெரியாது. கௌதம கணதரர் திருவடியை அடைந்தபின்தான் மலை தன் இயல்பைக் காட்டும். அங்கிருந்து ஒருபுறம் சென்றால் குந்துநாதர் திருவடி முதலாகத் தொடர்ந்து, நெடுந்தொலைவில் தனித்து நிற்கும் சந்திரப்பிரபர் திருவடி; மறுபுறம் மிக உயர்ந்த சிகரத்தில் பார்சுவநாதர் கோயில். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி முகட்டின் வழி. மரங்கள் குறையும், இருபுறமும் சரிவு, மேலே வானம்.

அன்று நள்ளிரவு கழிந்து மூன்று மணிக்கு ஏறத் தொடங்கினோம். தூறல்தான். நம் நாத்தனார் அறுபத்தெட்டு வயதினர். முழங்கால் வலியால் டோலியில் வந்தார். நால்வர் சுமந்தனர். கௌதமர் திருவடியருகே பொழுது புலர்ந்தபோது மேற்கே கருத்துத் திரண்டிருந்தது. டோலி சுமப்போருள் மூத்தவர், வானத்தைப் பார்த்து, "இப்போது முகட்டில் போகவேண்டாம், மாஜி. மின்னல் விழும். உயிர் போகும்" என்று இந்தியில் கூறினார். எங்கள் குழுவில் சிறிதேனும் இந்தி அறிந்தவர் நாம் ஒருவரே. குழுத்தலைவரான பெரியவர், "என்ன சொல்கிறார், டீச்சர்?" என்று வினவினார். நாம் கூறிய விடை: "வழி சற்றுக் கடினமாக இருக்குமாம்."

அது பொய்யன்று என்று அன்று எண்ணிக்கொண்டோம். சந்திரப்பிரபரைக் காணாது திரும்ப மனம் ஒப்பவில்லை. அதனால் அவர் சொல்லைக் குறைத்துச் சொன்னோம்.

பெரியவர், "பார்சுவநாதர்மேல் கமடன் மழையும் கல்லும் பொழியவில்லையா? அப்பெருமான் அசைந்தாரா? அவர் மலைக்கு வந்து நாம் மழைக்கு அஞ்சுவதா?" என்றார். அனைவரும் உணர்ச்சி வசப்பட்டனர். நடந்தோம்.

இக்கேள்விக்கு விடை அப்போது தோன்றவில்லை. பின்னர் பல இரவுகள் எண்ணியபின்னரே தோன்றியது. அந்த உபசர்க்கம் நிகழ்ந்தது இம்மலையில் அன்று, அஹிச்சத்திரத்தில். அது கிடக்கட்டும். பெருமான் அங்கே நின்றது தனியே. தம் தவத்தின் பொருட்டு எவர் தோளையும் அவர் வருத்தவில்லை. எங்கள் பின்னாலோ, வழுக்கும் கல்லில் நால்வர் ஒரு மூங்கிலைத் தோளில் தாங்கி வந்துகொண்டிருந்தனர். கூலிக்கு வந்தவர் 'மாட்டேன்' என்று எத்தனை முறை சொல்ல இயலும்? ஒருமுறை சொன்னார். அதனையும் நாம் மொழிபெயர்க்கவில்லை.

முகட்டில் காற்று பக்கவாட்டில் அடித்தது, குடைகள் மடங்கின. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணினோம், பழைய ஆசிரியப் பழக்கம். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி. முதலில் பன்னிரண்டு வந்தது. சிறிது நேரத்தில் ஆறு. இரண்டே கிலோமீட்டர்! அவ்வேளையில் முன்கால் சுமந்தவர் வழுக்கி முழங்காலிட்டு விழுந்தார். விழுந்தும் மூங்கிலை விடவில்லை. நாத்தனார்க்கு ஒன்றும் நேரவில்லை. அவர் முழங்கால் கல்லில் பிளந்து குருதி வழிந்தது. பெரியவர்தாம் ஓடிச்சென்று தம் அங்கவஸ்திரத்தைக் கிழித்துக் கட்டினார். பின்னர் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை, திரும்பினோம்.

நாம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இருந்தபோது, சுற்றுலா செல்லும் மாணவ ஆசிரியர்க்குச் சொல்வதுண்டு: குழுவின் நடை, மிகவும் தளர்ந்த குழந்தையின் நடையாகவே இருத்தல் வேண்டும் என்று. முப்பதாண்டு சொன்னதை ஒரு காலைப்பொழுதில் மறந்தோம்.

உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பிரமாதத்தையே முதலில் வைக்கின்றார். பிரமாதம் என்றால் அசாவதானம். நாமோ பாட்டு நன்றாயிருந்தால் 'பிரமாதம்' என்கின்றோம்! சொல் அப்படி மாறிவிட்டது, பொருளையும் மறந்துவிட்டோம். முனிவர் நான்கு முழம் முன்னோக்கி நடப்பது ஈர்யா சமிதி. மழைக்காலத்தில் புல்லும் பூச்சியும் பெருகுதலின், நடந்தால் உயிர்கள் மாளும் என்று நான்கு மாதம் ஓரிடத்தே தங்குவது சாதுர்மாசம். துறந்தவர் தங்கியிருக்கும் பருவத்தில் இல்லறத்தார் மலையேறுகின்றோம். ஏறுவது தவறென்று நாம் சொல்லவில்லை. ஏறுவோர்க்கு அவர்களினும் இருமடங்கு சாவதானம் வேண்டும்.

பதினாறு பாவனைகளுள் தவம் பற்றியதும் 'சக்திக்கு ஏற்ப' என்னும் அடைமொழியோடுதான் வருகிறது. அன்று பலரும் உபவாசம். நனைந்த பருத்திச் சேலை உடல் வெப்பத்தை உறிஞ்சும். காற்றடித்தால் விரைவாக உறிஞ்சும். வெறும் வயிற்றில் உடல் அதனை ஈடுசெய்ய இயலாது. நாத்தனார் கைகள் நடுங்கிப் பேச்சுக் குழறியதும் கௌதமர் திருவடியருகே அவர்க்கு உலர்ந்த சேலை உடுத்தி, வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்தோம். மலைமீது உண்ணாமை நம்மவர் வழக்கம். அதனை மீறியதை நாம் இன்றுவரை குற்றமாகக் கருதவில்லை. மிகுந்த வெல்லத்தை அவர் டோலி சுமந்தவர்க்கும் பகிர்ந்தளித்தார்.

குழு அழைத்துச் செல்வோர் இன்னும் சில அறிதல் வேண்டும். மின்னலுக்குப் பின் முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் முகட்டை விட்டு இறங்குக. கடைசி இடி கேட்டு அரைமணி கழியும்வரை மீண்டும் ஏறற்க. திறந்த பக்கமுள்ள சிறு கல்மண்டபம் மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவாது. தனிமரத்தடியும் அப்படியே. அஞ்சி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நிற்பதும் தகாது. இடைவெளி விட்டு இறங்குக. டோலி சுமப்போர்க்குப் பேசிய கூலியை, வழியில் திரும்பினாலும் முழுமையாகத் தருவோம் என்று மதுவனத்திலேயே சொல்லிவிடுக. அப்போதுதான் அவர் வானத்தைப் பார்த்து உண்மை சொல்வார்.

பத்து மணிக்கு வானம் வெளுத்தது. இளையோர் பார்சுவநாதர் கோயிலுக்குச் சென்று வணங்கி வந்தனர். நாம் அடிபட்டவருடன் மெல்ல இறங்கினோம். அவர் வழியெல்லாம் வினவியது, மாஜிக்குக் குளிர் விட்டதா என்பதே.

அன்று மாலை தர்மசாலையில், சாமாயிகம் முடிந்தபின், பெரியவரிடம் நாம் மொழிபெயர்த்த கதையைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்கள் சரியாகச் சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேனோ என்னவோ, டீச்சர். இதை நம்மவர்க்கு எழுதிவிடுங்கள்" என்றார்.

எழுதுவதற்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. நாத்தனார் இன்று இல்லை. சந்திரப்பிரபர் திருவடியை அவர் காணவில்லை. நாமும் இன்னும் காணவில்லை.